கல்லின்மேல் கல்: சுவிசேஷங்களில் வரும் கடைசிக்கால வசனங்களைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற அரசன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று தொடங்கும் பாட்டு அது. அதன் பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஒவ்வொருவராக வருவார்களாம். பூனைக்கண்ணன் போர்த்துக்கேயன், செங்கண்ணன் ஒல்லாந்தன், புகைக்கண்ணன் ஆங்கிலேயன் என்று ஊரில் கணக்குச் சொல்வார்கள். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கல்லில் இருப்பவை துண்டு வரிகள். மீதியை வாய்வழிப் பாட்டை வைத்து நாம்தான் நிரப்புகிறோம். பாட்டு பிறந்தது நடப்பதற்கு முன்பா, நடந்த பிறகா என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

எங்கள் வீட்டு வேதவாசிப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் அந்தக் கல்லைப் பற்றித்தான் கதைப்பேன். சுவிசேஷங்களில் இயேசு சொன்ன நியாயத்தீர்ப்பு, கடைசிக்கால வசனங்களிலும் நாம் இதே வேலையைத்தான் செய்கிறோம். இடைவெளியை நாமே நிரப்பி, பத்திரிகையில் வந்த பெயரை அதில் ஒட்டிவிட்டு, நிறைவேறிவிட்டது என்கிறோம். கீழே நான் எழுதுவது பல வருடம் கொப்பியும் பென்சிலுமாக இருந்து பழகிய முறை. அவசரமாக ஓர் இரவில் முடிக்கிற வேலை அல்ல. வாரம் ஒரு மாலை என்று இரண்டு மாதமாவது வேண்டும்.

தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு கொப்பி, பழைய இஸ்ரவேலின் வரைபடம் ஒன்று, இரண்டு தமிழ் வேதாகமங்கள். புரட்டஸ்தாந்துச் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதல் ஒன்று, கத்தோலிக்கரின் திருவிவிலியம் மற்றது. வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றதைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

முதல் படி: எல்லையைக் குறியுங்கள்

எந்தப் பகுதியைப் படிக்கிறோம் என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மாற்கு 13, மத்தேயு 24 மற்றும் 25, லூக்கா 21 ஆகியவை முக்கியமானவை. இவற்றோடு லூக்கா 12:35 முதல் 13:9 வரை, லூக்கா 17:20 முதல் 37 வரை, யோவான் 5:19 முதல் 29 வரை சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அடுத்த பக்கத்தில், கடைசிக்காலம் என்றதும் உங்கள் மனதில் வருவதை எல்லாம் எழுதுங்கள். அந்திக்கிறிஸ்து, 666, இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், ஆயிரவருட அரசாட்சி. எங்கள் வாசிப்பில் எல்லாரும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் எழுதுவார்கள். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பெயரோடு நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. அந்திக்கிறிஸ்து என்ற சொல் யோவானின் முதலாம், இரண்டாம் நிருபங்களில் மட்டும் வருகிறது, வெளிப்படுத்தலில்கூட இல்லை. 666ம் ஆயிரம் வருடமும் வெளிப்படுத்தலில் இருக்கின்றன. விசுவாசிகள் திடீரென வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்ற இரகசிய வருகைக்கு அடிப்படையாகக் காட்டப்படுவது 1 தெசலோனிக்கேயர் 4:17. ஏழு வருடம் தானியேல் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வாரத்தை, ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்று எடுத்துக் கணக்கிட்டது. இவை எல்லாவற்றையும் ஒரே கால அட்டவணையாகக் கோர்த்த முறை 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியிடமிருந்து பரவி, 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்ட் வேதாகமத்தின் குறிப்புகள் வழியாக உலகம் முழுவதும் போனது. அந்த அட்டவணை சரியா பிழையா என்று இப்போது தீர்மானிக்க வேண்டாம். பக்கத்தை மடித்து வையுங்கள்.

இரண்டாம் படி: கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பதிலைப் படிக்க முன் கேள்வி தெரிய வேண்டும். மாற்கு 13இன் முதல் நான்கு வசனங்களை மூன்று முறை சத்தமாக வாசியுங்கள். சீஷர்களில் ஒருவர் ஆலயத்தின் கற்களைப் பார்த்து வியக்கிறார். ஏரோது சுமார் கி.மு. 20இல் தொடங்கிய திருப்பணி அது. இயேசுவின் காலத்திலும் முடிந்திருக்கவில்லை. யோவான் 2:20இல் நாற்பத்தாறு வருடமாகக் கட்டுகிறோம் என்று யூதர்கள் சொல்கிறார்கள். அந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான் இயேசு, ஒரு கல்லின்மேல் மற்றொரு கல் இராதபடிக்கு இடிக்கப்பட்டுப்போகும் என்கிறார். பிறகு ஒலிவமலையில், ஆலயத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது பேதுரு, யாக்கோபு, யோவான், அந்திரேயா நால்வரும் தனியாகக் கேட்கிறார்கள்: இது எப்போது?

டச் பே கடற்கரையில் உட்கார்ந்து கோணேசர் மலையைப் பார்த்திருக்கிற யாருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கம் வேண்டாம். அந்த மலையில் இருந்த கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அந்தக் கற்களை எடுத்தே கோட்டை கட்டினார்கள், சில கற்கள் கடலுக்குள் போயின. கோயிலின் கல் கோட்டைச் சுவரில் இருப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். இடித்தவர்கள் சிலுவையோடு வந்தவர்கள் என்பதை ஒரு கிறிஸ்தவனாக நான் மறைக்க விரும்பவில்லை. ஆலய அழிவைப் பற்றிய அதிகாரத்தை இந்த ஊரில் இருந்து வாசிக்கிறவன் அதை மறந்துவிட்டு வாசிக்க முடியாது. ஒரு சனத்துக்குக் கோயில் இடிந்தால் ஒரு உலகமே முடிந்தது போலத்தான் இருக்கும் என்பதும் இந்த ஊர்க்காரனுக்குத் தெரியும்.

அது முக்கியம், ஏனென்றால் மத்தேயு 24:3இல் அதே கேள்வி கொஞ்சம் நீளமாக வருகிறது: உம்முடைய வருகைக்கும், உலகத்தின் முடிவுக்கும் அடையாளம் என்ன? இங்கே உலகம் என்று தமிழில் வரும் சொல் கிரேக்கத்தில் அயோன். அதற்கு யுகம், காலம் என்பது நேரான பொருள். பூமியும் வானமும் வெடித்துச் சிதறுவதைச் சீஷர்கள் மனதில் வைத்துத்தான் கேட்டார்களா, அல்லது ஆலயத்தோடு சேர்ந்து ஒரு யுகம் முடிவதையா? கொப்பியில் இதைக் கேள்வியாகவே எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: மூன்று நிரல்

ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து மாற்கு 13, மத்தேயு 24, லூக்கா 21 மூன்றையும் பக்கம் பக்கமாகக் கையால் எழுதுங்கள். கை வலிக்கும். ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

உதாரணத்துக்கு மாற்கு 13:14. பாழாக்குகிற அருவருப்பு நிற்கத்தகாத இடத்தில் நிற்பதைக் காணும்போது யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடட்டும் என்று இருக்கிறது. நடுவில் மாற்கு, வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன் என்று ஒரு குறிப்பும் போடுகிறார். அந்தச் சொற்றொடர் தானியேலில் இருந்து வருகிறது. அதன் பின்னால் கி.மு. 167இல் அந்தியோக்கு எப்பிப்பானு என்ற கிரேக்க அரசன் எருசலேம் ஆலயப் பலிபீடத்தின்மேல் வேற்று வழிபாட்டு மேடை அமைத்த கதை இருக்கிறது. அதை 1 மக்கபேயர் முதல் அதிகாரத்தில் வாசிக்கலாம். அந்த நூல் கத்தோலிக்க வேதாகமத்தில்தான் இருக்கும், பக்கத்து வீட்டுக்குப் போனது இப்போது பயன்படும். சரி, இனி மூன்றாம் நிரலைப் பாருங்கள். அதே இடத்தில் லூக்கா 21:20, எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதை நீங்கள் காணும்போது என்கிறது. மாற்கு மறைத்துச் சொன்னதை லூக்கா வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். கி.பி. 66இல் யூதர்கள் ரோமருக்கு எதிராக எழும்பினார்கள், 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை நகரைச் சூழ்ந்து ஆலயத்தை எரித்தது. எருசலேம் கிறிஸ்தவர்கள் யோர்தானுக்கு அப்பால் பெல்லாவுக்குத் தப்பிப் போனார்கள் என்று நான்காம் நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார்.

அடுத்த வசனங்களில் இன்னும் தெளிவு. வீட்டின்மேல் இருக்கிறவன் பொருள் எடுக்க இறங்க வேண்டாம். கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ. நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலே சம்பவியாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள். 2006இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பக்கத்தில் இருந்து வாகரைக்கு ஓடி, அந்த மாரியைத் தறப்பாளுக்குக் கீழே கழித்தவர்களுக்கு இந்த வசனத்தின் கருத்தை யாரும் பிரசங்கிக்க வேண்டியதில்லை. யூதேயாவிலும் மாரிகாலத்தில்தான் மழை. காய்ந்து கிடந்த ஓடைகள் பெருகி வழியை மறிக்கும். உலகமே அழிகிற நாளில் எந்த மலைக்கு ஓடுவது? மழை பெய்தால் என்ன, வெயில் அடித்தால் என்ன? ஓடித் தப்பக்கூடிய ஒரு ஆபத்தைப் பற்றித்தான் இந்தப் பகுதி பேசுகிறது. மத்தேயுவின் நிரலில், ஓய்வுநாளிலும் வேண்டாம் என்று ஒரு சொல் கூடியிருக்கும். அவர் யூதப் பின்னணி உள்ளவர்களுக்கு எழுதுகிறார்.

அத்திமரம் துளிர்விட்டால் கோடைகாலம் சமீபம் என்ற உவமைக்கும் நிரல்கள் உதவும். அத்திமரம் என்றால் இஸ்ரவேல், 1948இல் நாடு உருவானதுதான் துளிர், அதோடு ஒரு தலைமுறைக்கு 40 வருடம் கூட்டினால் முடிவு 1988 என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. மூன்றாம் நிரலில் லூக்கா 21:29 என்ன சொல்கிறது? அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள். மற்ற மரங்கள் எந்த நாடுகளாம்?

நான்காம் படி: படமொழியின் மூலத்தைத் தேடுங்கள்

சூரியன் அந்தகாரப்படும், சந்திரன் ஒளியைக் கொடாதிருக்கும் என்ற வரிக்கு வந்ததும் ஏசாயா 13:10ஐத் திருப்புங்கள். ஏறக்குறைய அதே சொற்கள். அந்த அதிகாரம் பாபிலோனின் வீழ்ச்சியைப் பற்றியது, 17ஆம் வசனத்தில் மேதியரின் பெயரே இருக்கிறது. எசேக்கியேல் 32:7இல் எகிப்துக்கும் ஏசாயா 34:4இல் ஏதோமுக்கும் இதே மொழி. பாபிலோன் விழுந்த மறுநாளும் சூரியன் உதித்தது. வல்லரசு ஒன்று சரிவதைச் சொல்லத் தீர்க்கதரிசிகளுக்கு இருந்த மொழி இது. தலையில் இடி விழுந்தது என்று நாம் சொன்னால் வானிலை அறிக்கையா பார்க்கிறோம்?

மனுஷகுமாரன் மேகங்களில் வருவதும் தானியேல் 7:13இலிருந்து வருகிறது. அங்கே அவர் நீண்ட ஆயுசுள்ளவராகிய தேவனிடத்துக்குப் போகிறார், அரசாட்சியைப் பெற்றுக்கொள்ள. பயணம் பூமியை நோக்கியா, சிங்காசனத்தை நோக்கியா என்று பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுப் பாருங்கள். என் கொப்பியில் அந்த அம்பை நான் இரண்டு முறை அழித்திருக்கிறேன்.

லூக்கா 21:25 மட்டும் எங்கள் ஊரில் வேறு மாதிரி ஒலிக்கும். சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பின் வந்த மாதங்களில் இந்த வசனத்தை எத்தனை வாயில் கேட்டேன் என்று எண்ண முடியாது. பிழை சொல்ல மாட்டேன், கடலைக் கண்டவர்களுக்கு அந்த வசனம்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் சங்கீதம் 65:7ஐயும் ஏசாயா 17:12ஐயும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் கடலின் இரைச்சல் சனங்களின் அமளியோடு சேர்ந்து வருகிறது. லூக்காவும் அதே வசனத்தில் சனங்களின் தத்தளிப்பைச் சொல்கிறார்.

ஐந்தாம் படி: தமிழ்ச் சொல்லில் வழுக்காதீர்கள்

இரண்டு மொழிபெயர்ப்பு கேட்டது இதற்குத்தான்.

மத்தேயு 24:34இல் பழைய திருப்புதல் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்கிறது. இன்று சந்ததி என்றால் நமக்குப் பிள்ளை, பேரப்பிள்ளை, வம்சம். அதனால் யூத இனம் அழியாது என்று பொருள் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திருவிவிலியத்தில் தலைமுறை என்று இருக்கிறது. கிரேக்கச் சொல் கெனெயா. மத்தேயு அதே சொல்லை 11:16இலும் 12:41இலும் தன் முன்னால் நிற்கிற காலத்தவர்களுக்கே பயன்படுத்துகிறார்.

24:8இல் வேதனைகளுக்கு ஆரம்பம் என்று வருவது வெறும் வேதனை அல்ல. மூலச் சொல்லின் பொருள் பிரசவ வலி. யுத்தங்களையும் யுத்தச் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள், கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்பது அதற்கு இரண்டு வசனம் முன்பு, 24:6இல். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டபோது இருந்தவர்களும், 1983 முதல் 2009 வரை யுத்தத்துக்குள் பிள்ளை வளர்த்தவர்களும் முடிவு வந்துவிட்டது என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வசனம் கலங்காதே என்றுதான் சொல்கிறது. அதே வசனத்தைக் கலக்கம் உண்டாக்கப் பயன்படுத்துகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

நரகம் என்று வருகிற பல இடங்களில் மூலச் சொல் கெஹென்னா. எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கு. பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் என்று எரேமியா 7:31 சொல்கிறது. நகரத்துக் குப்பை அங்கே இடைவிடாமல் எரிந்தது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு இயேசுவின் காலத்துச் சான்று கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த வழுக்கல் லூக்கா 12:55. தென்றல் அடிக்கிறதைக் காணும்போது உஷ்ணம் உண்டாகும் என்கிறீர்கள் என்று பழைய திருப்புதல் சொல்கிறது. தென்றல் அடித்தால் உஷ்ணமா? தமிழ்க் காதுக்குத் தலைகீழ். தெற்கே பாலைவனம் உள்ள நாட்டில் தெற்குக் காற்று சுடும். நம்மூரில் கச்சான் என்ற சூடான காற்று அடிக்கிற மாதங்களை நினைத்துக்கொண்டால் சரியாகப் பிடிபடும். அதற்கு முந்திய வசனத்தில் மேகம் மேற்கே எழும்பினால் மழை. அவர்களுக்கு மேற்கே கடல். நமக்குக் கடல் கிழக்கே, பெருமழை வருவது வாடையோடு. வரைபடம் கேட்டது இதற்குத்தான். அவர்கள் ஊரின் காற்றையே நம் திசையில் படிக்க முடியாதபோது, அவர்கள் காலத்தின் அடையாளங்களை நம் செய்தித்தாளில் நேராகத் தேடலாமா?

ஆறாம் படி: கடினமான வசனத்தின் முன் நில்லுங்கள்

மாற்கு 13:30, இந்தத் தலைமுறைக்குள் எல்லாம் நடக்கும். 13:32, அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர வேறு யாரும் அறியார், குமாரனும் அறியார். இடையில் ஒரே ஒரு வசனம். இதை எப்படிச் சேர்த்துப் படிப்பது?

பெரும்பாலும் எல்லாம் கி.பி. 70இலேயே நிறைவேறிவிட்டது என்பது ஒரு பக்கம். எல்லாம் இனிமேல்தான் என்பது இன்னொரு பக்கம். எருசலேமின் அழிவு முதல் நிறைவேற்றம், இறுதி நாள் அதன் பெரிய நிறைவேற்றம், தூரத்து மலையும் கிட்டத்து மலையும் ஒன்றாகத் தெரிவதுபோல என்பது மூன்றாவது. இன்னும் சிலர், மாற்கு எழுதப்பட்டதே 70ஐ ஒட்டித்தான், நடந்ததைப் பார்த்துச் சொற்கள் கூர்மையாக்கப்பட்டிருக்கலாம் என்பார்கள். கோட்டை வாசல் பாட்டுக்குக் கேட்ட அதே கேள்வி. விசுவாசத்துக்குப் பங்கம் என்று பயந்து அதைத் தள்ளிவிட வேண்டாம். லூக்கா 21:20ஐ மாற்கோடு ஒப்பிட்டவர்களுக்கு அந்தக் கேள்வி தானாகவே வரும்.

என் சாய்வைக் கேட்டால், 30ஆம் வசனம் வரை ஆலயத்தின் கதை, 32இலிருந்து தேதி சொல்லப்படாத நாள் என்று படிக்கிறேன். 24 முதல் 27 வரை எனக்கு இன்னும் உறுதி இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் என்னோடு ஒத்துப்போவதில்லை, அதற்காக யாரும் தேநீர் குடிக்காமல் எழுந்து போனதும் இல்லை.

குமாரனும் அறியார் என்ற வரியைத் தாண்டித் தேதி சொன்னவர்களின் கதையை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியின் ஆட்கள் கிறிஸ்து வரும் நாள் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள். 23ஆம் தேதி விடிந்தது.

ஏழாம் படி: நியாயத்தீர்ப்பைத் தனியாகப் படியுங்கள்

அடையாளங்களைத் தேடுகிற சுறுசுறுப்பில் எல்லாரும் மத்தேயு 24லேயே நின்றுவிடுகிறார்கள். பேச்சு 25இல்தான் முடிகிறது. செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் மேய்ப்பன் பிரிக்கிற காட்சி. அந்த நாட்டில் இரண்டும் பகலில் ஒரே மந்தையாகத்தான் மேயும். இந்தப் பகுதியை வாசிக்கும்போது கேட்கப்படுகிற கேள்விகளைப் பட்டியலிடுங்கள்: பசி, தாகம், அந்நியன், உடை, நோய், சிறை. எந்தச் சபை, எந்த ஞானஸ்நானம் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு இரண்டு பக்கத்தாரும் சொல்வதை அடிக்கோடிடுங்கள். ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம்? நல்லவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, கெட்டவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மிகவும் சிறியவராகிய என் சகோதரர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மத்தேயு 10:42ஐயும் 12:50ஐயும் வைத்து, அனுப்பப்பட்ட சீஷர்களே என்பார்கள் சிலர். துன்பப்படுகிற எவரும் என்பார்கள் மற்றவர்கள். இரண்டையும் எழுதுங்கள், காரணத்தோடு.

அப்புறம் லூக்கா 13:1 முதல் 5. பிலாத்து கொன்ற கலிலேயர், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். சுனாமி நடந்து சில வாரத்தில் ஒரு கூட்டத்தில், கரையில் செத்தவர்கள் தேவகோபத்தால் செத்தார்கள் என்று ஒருவர் பிரசங்கித்தார். முன்வரிசையில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட வசனம் இது. இந்த ஐந்து வசனமும் தெரியாமல் யாரும் நியாயத்தீர்ப்பைப் பிரசங்கிக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

யோவான் 5:24ஐயும் 28, 29ஐயும் அடுத்தடுத்து வாசித்து, நியாயத்தீர்ப்பு இப்போதே தொடங்கிவிட்டதாக யோவான் சொல்வதையும், இனி வருவதாகச் சொல்வதையும் இரு நிறத்தில் குறியுங்கள். இதற்கு ஒரு மாலை போதும்.

எட்டாம் படி: வாட்ஸ்அப்பில் வந்ததைச் சோதியுங்கள்

செய்தி வந்ததும் மூன்றே வேலை. அதில் உள்ள வசனத்தை அதிகாரம் முழுவதுமாக வாசியுங்கள். அந்தச் சொல் உங்கள் முதல் பக்கத்தில் இருக்கிறதா, மடித்து வைத்த பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். தேதியோ, நாட்டுத் தலைவரின் பெயரோ இருந்தால் மாற்கு 13:32ஐ எழுதி அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள். அண்ணன் தம்பியாக இருந்தால் நேரில் போய்க் கதையுங்கள்.

இனி ஒரு பகுதியை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். லூக்கா 17:34 முதல் 37. ஒரே படுக்கையில் இருவர், ஏந்திரம் அரைக்கிற இரண்டு பெண்கள், ஒருவர் ஏற்றுக்கொள்ளப்படுவார், மற்றவர் கைவிடப்படுவார். ஏற்றுக்கொள்ளப்படுவது பாக்கியம் என்றுதான் எல்லாரும் படிப்போம். ஆனால் அதே பேச்சில் 27ஆம் வசனத்தில் நோவாவின் காலம் வருகிறது, மத்தேயு 24:39இல் வெள்ளம் வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போனது. அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் யார், மீந்து நின்றவர்கள் யார்? சீஷர்களும் குழம்பித்தான், எங்கே ஆண்டவரே என்று கேட்கிறார்கள். அதற்கு வருகிற பதில் பிணத்தையும் கழுகுகளையும் பற்றியது. மூன்று நிரல் போடுங்கள், நோவாவின் கதையை ஆதியாகமம் 7இல் ஒருமுறை வாசியுங்கள், முடிவை எழுத முன் அரைப் பக்கம் வெறுமையாக விடுங்கள். என் கொப்பியில் அந்த அரைப் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.